தோலில் இருக்கும் நீலம்: புளூபெரியையும் அதன் உறவுப் பழங்களையும் அறிந்து, வாங்கி, உண்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்ற ஆண்டு தீபாவளி முடிந்த வாரத்தில், பினாங்கு ஜார்ஜ் டவுனில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறை மேடையில் இரண்டு போத்தல் புளூபெரிச் சாறு இருந்தது. வீடு தேடி வந்த விற்பனையாளர் ஒருவரிடம் என் மாமியார் வாங்கியிருந்தார். பல ஆண்டுகளாக இனிப்பு நீருக்கு மாத்திரை எடுப்பவர் அவர். "சீனியே போடலையாம்மா, வெறும் பழந்தானாம். இதக் குடிச்சா மாத்திரையக் கொறைச்சிக்கலாமாம்" என்றார். "ஒரு நிமிசம் இருங்க அத்த" என்று போத்தலைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த பட்டியலில் முதலில் ஆப்பிள் சாற்றுச் செறிவும், அடுத்து திராட்சைச் சாற்றுச் செறிவும் இருந்தன. புளூபெரி மூன்றாவதாகத்தான் வந்தது. அதற்குள் பத்து நாள் குடித்துவிட்டிருந்தார். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தச் சர்க்கரை அளவு, தீபாவளிப் பலகாரக் கணக்கையும் தாண்டி ஏறியிருந்தது.

சுகாதார அமைச்சு 2019இல் நடத்திய தேசிய ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதைக் கடந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாக இறங்கியிருந்தாலும், நம் வீடுகளில் கவலை இறங்கிவிடவில்லை. இந்தக் கவலையைப் பார்த்துத்தான் நீல நிறப் போத்தல்களும் குப்பிகளும் நம் வாசலுக்கு வருகின்றன. பழம் நல்ல பழம்தான். அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு உண்ண வேண்டும், எதன் இடத்தில் உண்ண வேண்டும் என்பதை அறியாமல் வாங்கினால்தான் காசும் போகிறது, உடம்பும் கெடுகிறது. ஆகவே, வாங்குவதற்கு முன்பு செய்ய வேண்டியதிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாக எழுதுகிறேன்.

முதல் படி: ஒரு பழத்தை உரித்துப் பாருங்கள்

ஒரேயொரு புளூபெரியை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் பூத்தது போன்ற மெல்லிய பூச்சு அதன்மேல் இருக்கும். விரலால் தேய்த்தால் அந்தப் பூச்சு நீங்கி, பழம் கருஞ்சிவப்பாகத் தெரியும். அந்தப் பூச்சு பழம் தானே சுரக்கும் மெழுகு. நம் கண்ணுக்கு நீலமாகத் தெரிவதற்குக் காரணம் அந்த மெழுகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிக்கும் விதம் என்று 2024இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளக்கினார்கள். இப்போது நகத்தால் தோலைக் கீறுங்கள். உள்ளே சதை வெளிர் பச்சையாக, ஏறக்குறைய நிறமின்றி இருக்கும். இந்தப் பழத்தின் பெருமைக்குக் காரணமான நிறமி முழுவதும் அந்த மெல்லிய தோலில்தான் இருக்கிறது. வடிகட்டித் தெளிவாக்கிய சாறு ஏன் பழத்திற்கு ஈடாகாது என்பது இதிலிருந்தே விளங்கும். பிழிந்த பிறகு தோலின் பெரும்பங்கு சக்கையோடு போய்விடுகிறது.

அந்தத் தோலை இரண்டு கிண்ணங்களில் வெந்நீர் ஊற்றி நசுக்குங்கள். ஒன்றில் நான்கு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நீர் சிவக்கும். மற்றதில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைப் போட்டால் நீலமும் பச்சையுமாக மாறும். இப்படி நிறம் மாறும் நிறமிகளுக்கு அந்தோசயனின் என்று பெயர். நாசி கெராபு சோற்றுக்கு நீலம் தரும் சங்குப்பூவிலும் இந்தக் குடும்பத்து நிறமியே இருக்கிறது. புளூபெரியில் மால்விடின், டெல்பினிடின், பெட்டுனிடின், சயனிடின், பியோனிடின் என்னும் ஐந்து வகைகளும் சர்க்கரையுடன் பிணைந்து இருக்கின்றன. அளவு, பழ வகையையும் பழுத்த பதத்தையும் பொறுத்து மாறும். 100 கிராமில் 100 மில்லிகிராமுக்கு மேல் இருப்பது வழக்கம். அவற்றோடு, காப்பிக்கொட்டையிலும் உள்ள குளோரோஜெனிக் அமிலம், வெங்காயத்திலும் உள்ள குவெர்செட்டின், துவர்ப்புச் சுவை தரும் புரோஆந்தோசயனிடின்கள் ஆகியவையும் உண்டு.

மற்ற சத்துகளைப் பற்றி மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். 100 கிராம் புளூபெரியில் 57 கலோரி, ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை, 2.4 கிராம் நார்ச்சத்து, 10 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவான வைட்டமின் சி ஆகியவை இருக்கின்றன. பாசாரில் கிடைக்கும் கொய்யாவில் அதே எடைக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. வைட்டமின் சி-க்காக யாராவது புளூபெரி வாங்கச் சொன்னால், கொய்யாவை வாங்கி மீதிக் காசைப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாம் படி: எது நிறுவப்பட்டது, எது வெறும் பேச்சு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

இந்தப் படியில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். முதலில் 'ஆக்சிஜனேற்றத் தடுப்பான்' என்ற சொல். சோதனைக் குழாயில் ஒரு பழச்சாறு எவ்வளவு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிறது என்று அளந்து எண் போடும் முறைக்கு ஓராக் என்று பெயர். அந்த எண்களின் பட்டியலை வெளியிட்டு வந்த அமெரிக்க வேளாண் துறையே 2012இல் அதைத் தன் தளத்திலிருந்து நீக்கியது. குழாயில் நடப்பது உடம்பில் அப்படியே நடப்பதில்லை என்பதும், அந்த எண்களை விற்பனையாளர்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்தினார்கள் என்பதும் காரணங்கள். இன்றும் ஒரு பொட்டலத்தில் ஓராக் எண்ணைப் பெரிதாக அச்சிட்டிருந்தால் அதைத் தாண்டிப் போய்விடுங்கள்.

உண்மையில் நடப்பது இதைவிடச் சுவையானது. நாம் உண்ணும் அந்தோசயனினில் மிகச் சிறு பங்குதான் தன் வடிவம் மாறாமல் இரத்தத்தில் கலக்கிறது. எஞ்சியது பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களால் சிறு சிறு ஃபீனால் அமிலங்களாக உடைக்கப்பட்டு, அதன் பிறகு இரத்தத்தில் சேர்கிறது. இந்தச் சிதைவுப் பொருள்கள் இரத்தக் குழாயின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு நிலைத்திருக்க உதவுகின்றன. அதனால் குழாய் தளர்ந்து விரிகிறது. பழம் உண்ட ஓரிரு மணி நேரத்தில் ஒரு முறையும், ஏறத்தாழ ஆறு மணி நேரம் கழித்து மறுமுறையும் இந்த விரிவு கூடுவதை, 2013இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றில் அளந்திருக்கிறார்கள்.

மக்களிடம் நீண்ட காலம் நடத்திய ஆய்வுகளில் மூன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 93,600 செவிலியர்களை 18 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், வாரத்தில் மூன்று பரிமாற்றுக்கு (ஒரு பரிமாற்று என்பது ஒரு வேளைக்கு உண்ணும் அளவு, அரைக் கோப்பை) மேல் புளூபெரியும் ஸ்ட்ராபெரியும் உண்ட பெண்களுக்கு, மிகக் குறைவாக உண்டவர்களைக் காட்டிலும் மாரடைப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. இது 2013இல் வெளியானது. அதே ஆண்டில், 187,000 பேருக்கு மேற்பட்டோரின் உணவுக் குறிப்புகளை ஆராய்ந்தபோது, வாரம் மூன்று பரிமாற்று புளூபெரி உண்பதோடு இரண்டாம் வகை நீரிழிவு 26 விழுக்காடு குறைவாக வருவது தொடர்புபட்டிருந்தது. அந்த ஆய்விலேயே, அதே அளவு பழச்சாறு குடிப்பதோடு நீரிழிவு 8 விழுக்காடு கூடுதலாக வருவது தொடர்புபட்டிருந்தது. அத்தையின் போத்தலைப் பார்த்த நாளில் என் நினைவுக்கு வந்தது இந்தக் கணக்குதான். மூன்றாவதாக, 70 வயதைக் கடந்த 16,000 செவிலியர்களிடம் செய்து 2012இல் வெளியான ஆய்வில், பெரிப் பழங்களை அதிகம் உண்டவர்களின் நினைவாற்றல் தேய்வு இரண்டரை ஆண்டுகள் வரை தள்ளிப்போயிருந்தது. இவை மூன்றும் கவனித்து எழுதிய ஆய்வுகள். பழம் உண்பவர்கள் பொதுவாக நடையும் பயில்வார்கள், புகையும் தவிர்ப்பார்கள் என்பதால் எல்லாப் புகழையும் பழத்துக்கே கொடுத்துவிட முடியாது.

ஆகவே, கொடுத்துப் பார்த்துச் சோதித்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வில், வயிற்றுப் பருமன், இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவை சேர்ந்து கூடியிருந்த 115 பேருக்கு ஆறு மாதம் நாள்தோறும் புளூபெரித் தூள் கொடுத்தார்கள். 150 கிராம் பழத்துக்கு ஈடான அளவு பெற்றவர்களின் இரத்தக் குழாய்கள் விரியும் திறன் மேம்பட்டது. அதில் பாதியளவு பெற்றவர்களிடம் அந்த மேம்பாடு தெரியவில்லை. இன்சுலின் எதிர்ப்பு இரு சாராரிடமும் மாறவில்லை. 2010இல் 32 பேரிடம் ஆறு வாரம் நடந்த ஒரு சிறு ஆய்வு மட்டும் இன்சுலின் நன்கு வேலை செய்யத் தொடங்கியதாகக் கண்டது. இவற்றையெல்லாம் சேர்த்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: இரத்தக் குழாய்க்கு நன்மை உண்டு என்பதற்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது, சர்க்கரையைப் பழமே இறக்கிவிடும் என்பதற்கு அப்படி இல்லை. மாத்திரையைக் குறைக்கலாம் என்று சொன்னவருக்கு இந்த ஆய்வுகளில் ஒன்றுகூடத் துணைக்கு வராது.

மூன்றாம் படி: உறவுப் பழங்களின் குணத்தை வேறுபடுத்தி அறியுங்கள்

பெரி என்று பெயர் முடிந்தாலே எல்லாம் ஒன்றாகிவிடாது. புளூபெரி, பில்பெரி, கிரான்பெரி ஆகிய மூன்றும் வாக்சினியம் என்னும் ஒரே தாவரப் பேரினத்தைச் சேர்ந்தவை. பில்பெரி ஐரோப்பியக் காடுகளில் விளைவது. சதை வரைக்கும் கருநீலம் ஊறியிருப்பதால் நிறமி அதிகம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகள் பில்பெரி ஜாம் தின்று இருளில் கூர்மையாகப் பார்த்தார்கள் என்ற கதையை வைத்துக் கண்பார்வைக் குப்பிகளை இங்கும் விற்கிறார்கள். அமெரிக்கக் கடற்படையினர் சிலரிடம் முறையாகச் சோதித்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், இரவுப் பார்வையில் எந்த முன்னேற்றமும் காணப்படவில்லை.

கிரான்பெரியின் நன்மை வேறு வகையானது. அதிலுள்ள ஏ வகைப் புரோஆந்தோசயனிடின்கள், ஈ.கோலை கிருமி சிறுநீர்ப் பாதையின் சுவரில் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கின்றன. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் பெண்களுக்கு அது திரும்ப வருவது ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது என்று 50 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் குழு 2023இல் கூறியது. இது வராமல் தடுப்பதற்கு மட்டுமே. எரிச்சலும் காய்ச்சலும் வந்துவிட்டால் கிளினிக்குக்குத்தான் போக வேண்டும். கடைகளில் விற்கும் உலர்ந்த கிரான்பெரி பெரும்பாலும் சர்க்கரையில் ஊறியது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

ஸ்ட்ராபெரியின் சிவப்பு பெலார்கோனிடின் என்னும் நிறமியால் வருவது. அதன் நிறமி அளவு குறைவு, வைட்டமின் சி 100 கிராமில் ஏறத்தாழ 59 மில்லிகிராம். கேமரன் மலையிலிருந்து வருவதால் நமக்குக் கைக்கெட்டும் பழம். ராஸ்பெரியில் 6.5 கிராம் நார்ச்சத்து இருக்கிறது, ஆனால் பினாங்கின் வெயிலில் கடையிலிருந்து வீடு வருவதற்குள் பாதி குழைந்துவிடும்.

நான்காம் படி: வாங்குதல்

புளூபெரி காட்டுச் செடியாக இருந்து தோட்டப் பயிராகி நூறாண்டு சற்றுக் கூடுதலாகிறது. அமிலத்தன்மை உள்ள மண்ணில்தான் அது வளரும் என்று கண்டறிந்த தாவரவியலாளர் ஃபிரெடெரிக் கோவில் என்பவரும், நியூ ஜெர்சியைச் சேர்ந்த எலிசபெத் வைட் என்ற பெண்மணியும் சேர்ந்து 1916இல் முதல் வணிக அறுவடையை விற்றார்கள். பரவலாகப் பயிரிடும், உயரமாக வளரும் வகைகள் பூப்பதற்குக் குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கான மணி நேரம் கடுங்குளிர் தேவை. ஆகையால் பினாங்கின் தட்பவெப்பத்தில் அவை காய்ப்பதில்லை. நமக்குக் கிடைப்பது பெரு, சிலி போன்ற நாடுகளிலிருந்து குளிரூட்டிய பெட்டியில் பயணம் செய்து வருவது. ஆண்டின் பிற்பகுதியில் தென்னமெரிக்க வரத்து பெருகும். பேரங்காடியில் விலை இறங்குவதைப் பார்த்து வாங்கலாம்.

பெட்டியை வாங்கும்போது மேலே பார்ப்பதோடு நிறுத்தாமல், கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். அடியில் கறையோ ஈரமோ இருந்தால் உள்ளே ஒரு பழமாவது உடைந்திருக்கிறது. மெழுகுப் பூச்சு நிறைந்திருந்தால் அதிகம் கைபடாத பழம். காம்புப் பக்கம் சிவந்திருந்தால் முழுமையாகப் பழுக்கவில்லை. பறித்த பிறகு இது மேலும் இனிக்காது.

நான் பெரும்பாலும் வாங்குவது உறைய வைத்த புளூபெரி. பறித்த உடன் உறைய வைப்பதால் நிறமி நன்றாகவே தங்கியிருக்கிறது, விலையும் எடைக்குக் குறைவு. பொட்டலத்தின் பின்புறத்தில் பழம் என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் எழுதியிருக்கக்கூடாது. புளூபெரி என்று பெயரிட்ட ரொட்டி, கேக், ஜாம் ஆகியவற்றில் பழத்தைவிடச் சீனியும் நிறமூட்டியும் முன்னால் நிற்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அவற்றைப் பலகாரக் கணக்கிலேயே சேருங்கள்.

ஐந்தாம் படி: வைத்தலும் கழுவுதலும்

வீட்டுக்கு வந்ததும் கழுவ வேண்டாம். மெழுகுதான் பழத்துக்குக் காவல். ஈரம் பட்டால் இரண்டு நாளில் சாம்பல் பூஞ்சை பிடிக்கும். உடைந்தவற்றைப் பொறுக்கி எடுத்துவிட்டு, பெட்டியின் அடியில் ஒரு காகிதத் துண்டை மடித்துப் போட்டு, குளிர்பெட்டியில் வையுங்கள். நல்ல பழம் ஒரு வாரத்துக்கு மேலும் தாங்கும். உண்ணும் நேரத்தில், உண்ணும் அளவை மட்டும் ஓடும் நீரில் கழுவுங்கள். அதிகம் வாங்கிவிட்டால், கழுவி நன்கு துடைத்துத் தட்டில் ஒட்டாமல் பரப்பி உறைய வைத்து, பிறகு பையில் கொட்டி வைக்கலாம். சூட்டில் நிறமி சிதையும் என்பதால், ஓட்ஸ் கஞ்சியோ சத்துமாவுக் கஞ்சியோ இறக்கிய பிறகு மேலே தூவுவது நல்லது.

ஆறாம் படி: எவ்வளவு, எதன் இடத்தில்

அந்த நீண்ட கால ஆய்வுகளில் ஒரு பரிமாற்று என்று கொண்டது அரைக் கோப்பை, அதாவது ஏறத்தாழ 75 கிராம். வாரம் மூன்று முறை என்றால், நம் கடைகளில் விற்கும் 125 கிராம் பெட்டி இரண்டு ஒருவருக்குப் போதும். 150 கிராமை நாள்தோறும் உண்பது பெரும்பாலான குடும்பங்களின் பணப்பைக்குத் தாங்காது. அதற்காக வருந்தவும் வேண்டாம்.

அளவைவிட நான் வலியுறுத்த விரும்புவது இடத்தை. காலையில் ரொட்டி சானாயும் தே தாரேக்கும் பசியாறிவிட்டு, மாலையில் கோரேங் பீசாங்கும் தின்று, இரவில் மேலும் ஒரு கிண்ணம் புளூபெரியும் சேர்த்தால், அந்த 10 கிராம் சர்க்கரை பழைய கணக்கின்மேல் ஏறுகிறது. அதே கிண்ணம் மாலைப் பலகாரத்தின் இடத்துக்கு வந்தால் கணக்கு இறங்குகிறது. அமைச்சு சொல்லும் கால், கால், அரை என்ற தட்டு முறையில், பாதித் தட்டு காய்கறிக்கும் பழத்துக்கும் உரியது. புளூபெரிக்கு அந்தப் பாதியில் ஒரு பங்கு உண்டு, தனி இடம் கிடையாது. எங்கள் வீட்டில் இப்போது மாலை ஐந்து மணிக்குச் சீனி போடாத தேநீரோடு அத்தைக்குச் சிறு எவர்சில்வர் கிண்ணத்தில் அரைக் கோப்பை பழமும் ஒரு பிடி வேர்க்கடலையும் வைக்கிறேன். முதல் வாரம் முகம் சுளித்தார். இப்போது கிண்ணம் தாமதமானால் அவரே குளிர்பெட்டியைத் திறந்து பார்க்கிறார்.

ஏழாம் படி: நம் மண்ணின் கரும்பழங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

அதே நிறமிகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. நாவற்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுட்ட பழமா, சுடாத பழமா என்று முருகன் ஔவையைக் கேட்ட கதையைச் சொல்லிக்கொண்டே நாம் உண்ணும் அந்தப் பழத்தில், டெல்பினிடின், பெட்டுனிடின், மால்விடின் மூன்றும் இருக்கின்றன. நாக்கில் ஒட்டும் ஊதாக் கறை அவற்றின் நிறமே. கடலோர மணற்பாங்கில் தானே வளரும் கெமுந்திங் பழத்தைத் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் பறித்துத் தின்றிருப்பார்கள். தமிழ்நாட்டு மலைகளில் இதே செடியைத் தவிட்டுக் கொய்யா என்பார்கள். இந்தப் பழங்களுக்குப் புளூபெரி அளவுக்குப் பெரிய மனித ஆய்வுகள் நடக்கவில்லை. நிறமி ஒன்றாக இருப்பதால் பலனும் ஒன்றென்று அடித்துச் சொல்ல மாட்டேன். நல்ல பழம், குறைந்த விலை என்ற அளவில் தாராளமாக உண்ணலாம்.

ரோசெல் என்னும் சிவப்புப் புளிச்சைக்குச் சான்று சற்று அதிகம். இரத்த அழுத்தம் லேசாகக் கூடியிருந்த 65 பேருக்கு ஆறு வாரம் நாள்தோறும் மூன்று கோப்பை கொடுத்து 2010இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், மேல் அழுத்தம் சராசரியாக 7 புள்ளி இறங்கியது. உலர்ந்த இதழ்களை வாங்கி, ஒரு கோப்பை கொதிநீரில் ஐந்து ஆறு நிமிடம் மூடி வைத்து வடிகட்டுங்கள். புளிப்பு தாங்காவிட்டால் ஒரு துண்டு இலவங்கப்பட்டையைப் போடலாம். சீனிப்பாகில் ஊறிய போத்தல் வகை இதற்குச் சமமாகாது.

தொட்டியில் வளர்க்க விரும்பினால் மல்பெரிதான் நமக்கு ஏற்றது. பென்சில் பருமன் தண்டை ஒரு சாண் வெட்டி ஈர மண்ணில் நட்டால் வேர்விடும். கிளையின் நுனியைக் கிள்ளி இலைகளை உருவிவிட்டால், புதுத் தளிரோடு சேர்ந்தே காய்கள் வரும். சிவப்பில் பறிக்காதீர்கள், தொட்டாலே கையோடு வரும் கறுப்புப் பதத்தில்தான் இனிப்பும் நிறமியும் நிறைந்திருக்கும்.

எட்டாம் படி: யார் கவனமாக இருக்க வேண்டும்

வார்ஃபரின் என்னும் இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை எடுப்பவர்கள், கிரான்பெரியை அதிகம் சேர்ப்பதற்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மற்ற பெரிகளையும் திடீரென்று கூட்டவோ நிறுத்தவோ கூடாது. சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்குப் புளூபெரி ஓரளவு இணக்கமானது: 100 கிராமில் 77 மில்லிகிராம் பொட்டாசியம் மட்டுமே உண்டு, வாழைப்பழத்தில் 350க்கு மேல். ஆனால் பழத்தட்டில் இதனோடு பெலிம்பிங் என்னும் நட்சத்திரப்பழத் துண்டு ஒன்றுகூட இருக்கக்கூடாது; சிறுநீரக நோயாளிகளுக்கு அது நரம்பு நஞ்சு. சிறு குழந்தைகளுக்கு முழுப் பழத்தைக் கொடுக்காமல் நசுக்கியோ நான்காக வெட்டியோ கொடுங்கள். தொண்டைக்குழியில் அடைக்கும் அளவும் வடிவமும் அதற்கு உண்டு.

நீரிழிவு உள்ளவர்கள், புதிதாக ஒரு பழத்தைச் சேர்க்கும் வாரத்தில் இரண்டு நாள் மட்டும், உண்பதற்கு முன்பும் உண்டு இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரையை அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். பழத்தின் பெயர், கிண்ண அளவு, அன்று பலகாரம் உண்டதா இல்லையா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். மூன்று மாத சராசரிச் சர்க்கரைப் பரிசோதனைக்கு கிளினிக் போகும்போது அந்தக் குறிப்பேட்டையும் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்த எண்களைப் பார்த்து அவர் சொல்ல வேண்டியது.